ஊரே தேடிய விலா எலும்பு

எங்கள் ஊர் நான்ட்கரெக்கில் வெறும் பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வேல்ஸ் மலைநாட்டில் எல்லா ஊரிலும் இதே தொல்லைதான். ஒரே தெருவில் மூன்று ஓல்வென் இருப்பார்கள், நான்கு பெவன் இருப்பார்கள். அதனால் செய்கிற வேலையையும் பெயரோடு சேர்த்துவிடுவோம். ரொட்டி சுடுகிறவர் ரொட்டி ஓல்வென். கடிதம் கொண்டு வருகிறவர் தபால் கெரைண்ட். பால் ஊற்றுகிறவர் பால் இட்வால். அவருடைய மகள் எலெரிக்குப் பத்து வயது. ஒரு சொட்டுப் பால்கூட விற்றதில்லை. ஆனாலும் அவள் பால் எலெரிதான்.

இட்வாலின் மட்டக்குதிரைக்கும் அப்படி ஒரு பெயர் இருந்தது. பால் டெகன்.

அந்த நாளில் டெகன்தான் எங்களுக்குக் கடிகாரம். விடிகிற நேரத்தில் டக் டக், டக் டக் என்று குளம்புச் சத்தம் கேட்கும். பின்னால் வண்டியில் பால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரும். இப்போது நினைத்தாலும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. கடிவாளத்தைப் பிடிக்கவே வேண்டியதில்லை. எந்த வாசலில் நிற்க வேண்டும், எதில் நிற்கக் கூடாது என்று டெகனுக்கே தெரியும். வாசலில் கூஜாவோடு ஆள் நிற்பார்கள். இட்வால் பாலை அளந்து ஊற்றுவதற்குள் ஊர்க்கதையெல்லாம் பேசிவிடுவார்கள். டெகனுக்கும் ஒரு ரொட்டித் துண்டோ, கேரட் நுனியோ கிடைக்கும். தின்றதெல்லாம் அடுத்த மேட்டில் வண்டி இழுப்பதற்குள் கரைந்துபோகும்.

பிறகு இட்வாலுக்கு வேன் வந்தது.

வேன் புர்ரென்று வரும். பால் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுப் புர்ரென்று போகும். நல்ல வேன்தான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் வேனின் மூக்கை யார் தடவிக் கொடுப்பார்கள்?

டெகனுக்கு வேலை போய்விட்டது. தேவாலயத்தை ஒட்டியிருந்த புல்வெளியில் அவளை விட்டார் இட்வால். டெகன் வாசலுக்கு வராததால் ஊர் டெகனின் வாசலுக்குப் போக ஆரம்பித்தது. ரொட்டி ஓல்வென் மிச்ச ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போவார். தபால் கெரைண்ட் ஆப்பிளோடு நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் தேவாலயத்தில் பிரசங்கம் ரொம்ப நீளம். அதைத் தாங்குவதற்காக எல்லார் சட்டைப்பையிலும் பெப்பர்மிண்ட் மிட்டாய் இருக்கும். வாயில் ஒன்றை அடக்கிக்கொண்டு பக்தியோடு உட்கார்ந்திருப்பார்கள். மிச்சம் இருப்பது டெகனுக்கு. பிரசங்கம் நீண்டால் அவளுக்குக் கொஞ்சம் குறையும். போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு சீக்கிரம் முடித்துவிட்டாரோ, அன்று டெகன் காட்டில் மழைதான்.

அந்த வருஷம் வசந்தம் வந்தபோது டெகனின் வயிறு இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது.

முதலில் கவனித்தவர் ரொட்டி ஓல்வென். வேலிக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஏய் எலெரி, போன கோடையில இவ வேலி தாண்டி மலைக்கு ஓடினா இல்ல?"

"ஆமா அத்தை. அங்க திரியற குதிரைக் கூட்டத்தோட சேர்ந்துக்கிட்டா. அப்பா போய்ப் பிடிச்சுட்டு வந்தாரு."

"அதானே பார்த்தேன்! வயித்துல குட்டிடி!"

எலெரிக்குத் தலைகால் புரியவில்லை. குட்டி! தானே வளர்க்கலாம், தானே பெயர் வைக்கலாம். அவள் அப்பாவிடம் ஓடினாள். இட்வால் வந்து பார்த்தார். மலையில் ஆண்குதிரை இருந்தது உண்மை. டெகன் அங்கே போனதும் உண்மை.

"இருந்தாலும் இருக்கும்" என்றார்.

அவ்வளவு போதாதா? சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. குட்டிக்குப் பெயர் வைப்பதில் சண்டையே வந்தது.

"ஆண் குட்டியா இருந்தா சாமுவேல்" என்றார் பெவன் ஐயா. அவர் தேவாலயத்து மூப்பர், தனியாக இருப்பவர். எதைப் பேசினாலும் வேதாகமத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

"குதிரைக்கு யாராச்சும் சாமுவேல்னு பேரு வைப்பாங்களா? மின்னல்னு வைங்க" என்றார் தபால் கெரைண்ட்.

"உன் தபால் வர்ற வேகத்துக்கு நீ மின்னலைப் பத்திப் பேசாதே!"

பெயர்தான் முடிவாகவில்லை. சாப்பாடு முடிவாகிவிட்டது. இனி டெகன் இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும். ஓல்வென் இரண்டு ரொட்டி கொண்டு வந்தார். கெரைண்டின் ஆப்பிளும் இரண்டானது. எலெரியும் சும்மா இருக்கவில்லை. மாட்டுக்கு வைத்திருந்த ஓட்ஸில் தினமும் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள். டெகன் யாரையும் ஏமாற்றவில்லை. கொடுத்ததையெல்லாம் தின்றாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் இட்வாலின் மாடு இருமியது. கால்நடை மருத்துவர் ஹெலெத் வந்தார். அவர் சந்தை ஊர்க்காரர். சட்டைக் கையை எப்போதும் மடித்தே விட்டிருப்பார். மாட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டுக் கை கழுவும்போது எலெரி பக்கத்தில் போய் நின்றாள்.

"டாக்டர், குட்டி எப்போ பிறக்கும்?"

"எந்தக் குட்டி?"

"டெகனோட குட்டி! வாங்க, காட்டறேன்."

ஹெலெத் புல்வெளிக்கு வந்தார். டெகனை ஒரு சுற்று சுற்றினார். வயிற்றைத் தடவினார், அமுக்கினார், காதை வைத்துக்கூடக் கேட்டார். கழுத்து மேட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது கல்லாட்டம் இறுகியிருந்தது. பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எலெரி, இங்க வா. உன் புறங்கையைத் தடவிப் பாரு. தோலுக்குக் கீழ எலும்பு லேசா தட்டுப்படுதா?"

"ஆமா."

"நல்லா இருக்கற குதிரையோட விலா அப்படித்தான் கைக்குப் படணும். இப்போ டெகனைத் தடவிப் பாரு."

எலெரி தடவினாள். இங்கே தேடினாள், அங்கே தேடினாள்.

"மெத்தை மாதிரி இருக்கு. எலும்பையே காணோமே?"

"உள்ளேதான் இருக்கு. மேல உங்க ஊரு ரொட்டி மூடிக்கிட்டிருக்கு."

"அப்போ குட்டி?"

"குட்டி இல்லம்மா. பூராவும் கொழுப்பு."

எலெரி மனதுக்குள் அந்தக் குட்டிக்கு ஒரு பெயரே வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இனிச் சொல்லியும் பயனில்லை.

இட்வாலும் வந்து சேர்ந்தார். ஹெலெத் அவரிடமும் எலெரியிடமும் சேர்த்தே சொன்னார்.

"குளம்புக்குள்ள ஒரு எலும்பு இருக்கு. அதைக் குளம்போட ஒட்டிப் பிடிச்சு வெச்சிருக்கறது மெல்லிசான சதை. உடம்புல இவ்வளவு கொழுப்பு இருந்து, அதுக்கு மேல இனிப்பும் இந்த வசந்தகாலத்துப் புல்லும் சேர்ந்தா அந்தச் சதை வீங்கிடும். குளம்பு மரக்கட்டை மாதிரி. உள்ள வீங்கறதுக்கு இடமே கிடையாது. வீங்கின காலைச் சின்ன ஷூவுக்குள்ள திணிச்சா எப்படி இருக்கும்? அப்படி வலிக்கும். முத்திப்போனா எலும்பே நழுவிடும். அப்புறம் எழுந்து நிக்கவே முடியாது."

"செத்துப் போயிடுவாளா?" என்று கேட்டாள் எலெரி.

ஹெலெத் பொய் சொல்லவில்லை. "நிக்க முடியாத குதிரையை வெச்சுக்கிட்டிருக்கறது பாவம்மா. ஆனா இவளுக்கு இன்னும் அது வரலை. குளம்புல சூடு இல்லை, நொண்டலும் இல்லை. இப்பவே பார்த்துக்கிட்டா வராது."

"ஒரு வாரம் பட்டினி போட்டுடறேன்" என்றார் இட்வால்.

"ஐயையோ, அதைச் செஞ்சுடாதீங்க! குண்டுக் குதிரையைத் திடீர்னு பட்டினி போட்டா ஈரல் கெட்டுடும். புல்வெளியை விட்டு வெளியே கொண்டு வாங்க. காய்ஞ்ச புல்லைத் தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, நான் சொல்ற அளவு மட்டும் குடுங்க. இனிப்பு தண்ணியோட போயிடும். தினமும் நடக்க வைங்க. வேற எதுவும் வாயில படக்கூடாது."

இட்வால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வீட்டுல நான் பார்த்துக்குவேன் டாக்டர். ஊரை யாரு பார்த்துக்கறது?"

"இன்னும் ஆறு வாரத்துல வர்ற பெந்தெகொஸ்தே திருநாள் பாட்டு விழாவுக்கு நான் வருவேன். அன்னிக்கு விலா எலும்பு என் கைக்குத் தட்டுப்படணும். இல்லேன்னா இவளை இந்த ஊர்ல வெச்சிருக்காதீங்க. அன்பாலேயே கொன்னுடுவாங்க."

மருத்துவர் போன பிறகு இட்வால் வேலிமேல் சாய்ந்து நின்றார்.

"என் சித்தப்பா மகன் கல்மலையில இருக்கான். வீட்டுக் கூரைக்குக் கல்பலகை வெட்டற இடம். அங்க புல்லும் கிடையாது, ரொட்டியோட வர்ற ஆளும் கிடையாது."

"அப்பா! அது எவ்வளவு தூரம்!"

"எனக்கு மட்டும் ஆசையா கண்ணு?" அவர் டெகனின் மூக்கைத் தடவிக் கொடுத்தார். "என்கூடவே நடந்தவ அவ. எனக்கு அவ நிக்கணும். எங்கேயாவது நாலு காலுல நின்னா போதும்."

அன்றே டெகனை வீட்டின் கொல்லைப்புறத்துக்குக் கொண்டு வந்தார்கள். கல் பாவிய முற்றம், ஒரு புல் கிடையாது. டெகன் ஊறவைத்த காய்ந்த புல்லை முகர்ந்து பார்த்தாள். பிறகு எலெரியை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாண வீட்டில் கஞ்சி ஊற்றினால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

எலெரி ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி முற்றத்துக் கதவில் தொங்கவிட்டாள். 'தயவுசெய்து உணவு கொடுக்காதீர்கள்.'

மறுநாள் பள்ளி முடிந்து வந்தபோது கதவருகே கெரைண்ட் நின்றிருந்தார். டெகனின் வாயில் ஆப்பிள் நொறுங்கிக்கொண்டிருந்தது.

"கெரைண்ட் மாமா! பலகையைப் படிக்கலையா?"

"படிச்சேனே! அழகா எழுதியிருக்கே. வெளியூர்க்காரங்களுக்குத்தானே அது?"

பெவன் ஐயா இன்னும் ஒரு படி மேலே போனார்.

"மிட்டாய் உணவு இல்லையேம்மா. தேவாலயத்துல உக்காந்து யாராவது உணவு சாப்பிடுவாங்களா? மாட்டாங்க. நாங்க மிட்டாய் சாப்பிடறோம். அப்போ அது உணவு இல்லைதானே?"

சொல்லிக்கொண்டே டெகனுக்கு ஒரு மிட்டாயை நீட்டினார்.

ரொட்டி ஓல்வென் வந்தபோது அவளுக்குப் பொறுமை போயிருந்தது. பட்டென்று சொல்லிவிட்டாள். "அத்தை, உங்க ரொட்டியாலதான் டெகனுக்கு உடம்பு கெட்டுப்போச்சாம்! டாக்டரே சொன்னாங்க!"

ஓல்வென் ரொட்டியை நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என் ரொட்டியாலயா? இந்த ஊரே அதைத் தின்னுதான் வளர்ந்துச்சு. நீயும்தான். உனக்கு என்னடி ஆச்சு?"

முகம் சிவந்து, பையை மூடிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் எலெரி ரொட்டி வாங்கப் போனபோது பேசவே இல்லை. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான். எலெரிக்கு அழுகை வந்தது. அத்தை செய்தது தப்பில்லையே, ஆசையாகத்தானே கொடுத்தார். இதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

ஓல்வென் ஒருவர்தான் வருவதை நிறுத்தினார். மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். டெகன் மூச்சு விட்டாலே பெப்பர்மிண்ட் மணத்தது. எலெரி தினமும் விலாவைத் தடவிப் பார்த்தாள். மெத்தைதான்.

காலையில் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் டெகனை நடத்திக்கொண்டு போவது எலெரியின் வேலை. ஆற்றோரப் பாதையில்தான் போவார்கள். டெகன் பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள்.

ஒரு சனிக்கிழமை, பாலத்தருகே வந்ததும் டெகன் காதை நிமிர்த்தினாள். திடீரென்று ஊர்ப்பக்கம் திரும்பினாள். எலெரி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு குண்டான குதிரை ஒரு பக்கம் இழுத்தால் பத்து வயதுப் பெண் என்ன செய்வாள்? கூடவே போனாள்.

டக் டக், டக் டக். தெருக் கல்லில் குளம்புச் சத்தம் எழுந்தது. டெகன் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எலெரி ஓட வேண்டியிருந்தது. முதல் வீட்டு வாசலில் டெகன் தானாகவே நின்றாள். அது பெவன் ஐயாவின் வீடு.

கதவு திறந்தது. பெவன் ஐயா வீட்டுச் செருப்போடு, தலைகூடச் சீவாமல் வெளியே வந்தார். கையில் பால் கூஜா. வாசலில் வண்டியும் இல்லை, பாலும் இல்லை. அவர் கூஜாவைப் பார்த்தார், டெகனைப் பார்த்தார்.

"அட, நான் ஒரு மடையன்" என்றார் மெதுவாக. "சத்தம் கேட்டதும் கை தானா கூஜாவை எடுத்துடுச்சு."

"மன்னிச்சுக்குங்க ஐயா. இவதான் இழுத்துட்டு வந்துட்டா."

"மன்னிப்பா? எதுக்கும்மா?" அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். "முன்னல்லாம் காலையில உங்கப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன், இவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். அதோட அந்த நாள் நல்லா ஆரம்பிச்சுடும். இப்போ பாட்டில்தான் வருது. பாட்டில் பேசுமா?"

அவர் கண்ணில் நீர் நின்றது. ஆனால் கை மட்டும் வழக்கம்போலச் சட்டைப்பைக்குள் போனது. எலெரி அதைக் கவனித்துவிட்டாள். இந்த முறை அவள் கத்தவில்லை.

"ஐயா, மிட்டாயைவிட இவளுக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. காட்டட்டுமா? கையைக் குடுங்க."

அவர் கையைப் பிடித்து டெகனின் பிடரி முடிகிற இடத்தில் வைத்தாள். "இங்க. நல்லா அழுத்திச் சொறிங்க."

பெவன் ஐயா சொறிந்தார். டெகன் கழுத்தை நீட்டினாள். கண் பாதி மூடியது. மேல் உதடு முன்னால் நீண்டு, அப்படியும் இப்படியும் ஆடியது.

"பாரேன், பாரேன்! இவ மூஞ்சியைப் பாரேன்!" பெவன் ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். தேவாலயத்து மூப்பர் அப்படிச் சிரித்து எலெரி பார்த்ததே இல்லை. மிட்டாய் பையிலேயே இருந்துவிட்டது. அவருக்கு அதன் நினைவே வரவில்லை.

எலெரிக்கு அப்போதுதான் விளங்கியது. டெகனுக்குப் பசிக்கும் என்று யாரும் கொல்லைப்புறத்துக்கு வரவில்லை. டெகன் தங்கள் வாசலில் நின்ற நாட்களை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வெறுங்கையோடு வரக் கூச்சம், அதனால் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பலகை எழுதி வைத்தால் கேட்பார்களா?

"ஐயா, நாளையிலேர்ந்து தினமும் காலையில இவளைக் கூட்டிக்கிட்டு வரேன். பால் கிடையாது. சொறிஞ்சு மட்டும் விடுவீங்களா? மிட்டாயை நீங்களே சாப்பிட்டுடணும்."

"தினமுமா? மெய்யாவா?" பெவன் ஐயா எழுந்தே விட்டார். "அப்போ மிட்டாயா பெரிசு?"

டெகன் அடுத்த வாசலுக்கு நடந்தாள். அதற்கு அடுத்த வாசலுக்கும். பழைய பால் வண்டி நின்ற வாசல் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு கதவும் திறந்தது. "அட, நம்ம டெகன்!" என்று தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்தார்கள். கெரைண்ட் பல் தேய்க்கிற வாயோடு வந்து, நுரை வழியப் பேசினார். எலெரி எல்லாரிடமும் அதே பேரம் பேசினாள். யாரும் மறுக்கவில்லை.

கடைசியில் ரொட்டிக் கடை வந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே அடுப்பு எரிகிற வாசனை. டெகன் நின்றாள். கதவு திறக்கவில்லை.

"வா டெகன், போகலாம்."

டெகன் அசையவில்லை. முன்னங்காலால் படியைத் தட்டினாள். கதவு ஒரு கை அளவு திறந்தது.

"என் ரொட்டிதான் விஷமாச்சே. இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் ஓல்வென் உள்ளேயிருந்து.

"நான் அப்படிச் சொன்னது தப்பு அத்தை" என்றாள் எலெரி. "உங்க ரொட்டி நல்ல ரொட்டி. நானும்தான் அவளுக்குத் திருட்டுத்தனமா ஓட்ஸ் குடுத்தேன். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்தோம், எல்லாம் சேர்ந்துடுச்சு. பெந்தெகொஸ்தேக்குள்ள அவ இளைக்கலேன்னா கல்மலைக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் அவளை நான் பார்க்கவே முடியாது. எனக்குப் பயமா இருக்கு அத்தை."

கதவு முழுதாகத் திறந்தது. ஓல்வென் கை நிறைய மாவோடு நின்றார்.

"கல்மலைக்கா? நம்ம டெகனையா? அடிப் பாவி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க பேசலையே அத்தை."

"நான் பேசலேன்னா நீ பேசக் கூடாதா?" ஓல்வென் டெகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். டெகனுக்கு ஒரு பக்கம் முழுக்க மாவு. "எங்க சொறியணும்? இங்கயா? அடி என் ராசாத்தி, எத்தனை நாளாச்சு நீ என் வாசலுக்கு வந்து!"

அதற்குப் பிறகு எலெரிக்குப் பாதி வேலை குறைந்துவிட்டது. ரொட்டி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஓல்வென் கரண்டியை நீட்டிச் சொன்னார். "டெகனுக்கு யாராவது ஒரு துணுக்கு குடுத்தீங்கன்னு காதுல விழட்டும், மறுநாள் உங்க வீட்டுக்கு ரொட்டி கிடையாது." எங்கள் ஊரில் போலீஸுக்குக்கூட அவ்வளவு பயம் கிடையாது.

அந்த வசந்தம் அப்படியே போனது. விடிந்ததும் டக் டக் என்று சத்தம் கேட்கும். கதவுகள் திறக்கும். சனி, ஞாயிறுகளில் வேன் சுற்றை முடித்துவிட்டு இட்வாலும் கூட நடப்பார். வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகு அவர் யாரோடும் நின்று பேசியதில்லை. இப்போது வாசல் வாசலாக நின்று பேசினார், டெகனே அவரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஊறவைத்த புல்லையும் டெகன் இப்போது முகம் சுளிக்காமல் தின்றாள். நடையில் வேகம் வந்தது. வயிறும் கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருந்தது.

ஆனால் விலா? எலெரி தடவும்போது சில நாள் ஏதோ கைக்குப் படுவது போல இருக்கும். நிஜமாகவே எலும்பா, இல்லை ஆசையா? அவளால் சொல்ல முடியவில்லை. அப்பாவைக் கேட்டால், "நீ கேட்டா எனக்கும் இருக்கற மாதிரிதான் தெரியுது. டாக்டர் சொல்லட்டும்" என்பார்.

பெந்தெகொஸ்தே திருநாளும் வந்தது. பாட்டு விழாவுக்கு அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்தார்கள். பாட்டு முடிந்ததும் தேவாலயத்து முற்றத்தில் நீள மேசைகளில் தேநீரும் கேக்கும் வைத்திருந்தார்கள். எலெரி டெகனைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். கூட்டத்தில் மருத்துவர் ஹெலெத்தின் தலை தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவர், பெரிய தொப்பிக்காரர், டெகனிடம் வந்தார். கையில் ஒரு துண்டு திராட்சை கேக்.

"அடடா, அழகுக் குட்டி! இந்தா..."

"குடுக்காதீங்க!"

எலெரி கத்தவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் ஊரே கத்திவிட்டது. ஓல்வென் மேல்குரலில், பெவன் ஐயா அடிக்குரலில், நடுவில் கெரைண்டும் மற்றவர்களும். எங்கள் ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டாலும் சுருதி தப்பாது. தொப்பிக்காரர் பயந்துபோய்க் கேக்கைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

"அவளுக்கு இங்க சொறிஞ்சு விடுங்க சார். அதுதான் பிடிக்கும்" என்று பெவன் ஐயா அவருக்கு இடத்தைக் காட்டினார்.

ஹெலெத் சிரித்துக்கொண்டே வந்தார். "இது என்ன ஊரா, பாடகர் குழுவா?" சட்டைக் கையை மடித்தார். "எங்கே, பார்க்கலாம்."

எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஹெலெத் முதலில் குளம்புகளைத் தொட்டார். கழுத்து மேட்டை அசைத்தார், அது இளகி அசைந்தது. பிறகு விலாவில் விரல்களை வைத்து மெதுவாக நகர்த்தினார். நின்றார். மறுபடி நகர்த்தினார். இட்வால் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"இதோ ஒண்ணு" என்றார் ஹெலெத். "இதோ அடுத்தது. ஆமா, எலும்பு இருக்கு! இன்னும் கொஞ்சம் இளைக்கணும். ஆனா இவ இனிமே எங்கேயும் போக வேண்டாம் இட்வால். இவளுக்கு இந்த ஊர்தான் சரியான இடம்."

இட்வால் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். ஓல்வென் சத்தமாகவே அழுதார்.

"நான் தொட்டுப் பார்க்கலாமா?" என்றார் கெரைண்ட்.

"தள்ளு, வயசுல மூத்தவன் நான்" என்றார் பெவன் ஐயா.

"இவளுக்காக நான் எத்தனை ரொட்டியைக் கையில வெச்சுக்கிட்டே குடுக்காம இருந்திருக்கேன்! எனக்குத்தான் முதல்ல" என்றார் ஓல்வென்.

அன்று எங்கள் ஊரில் தேநீர் ஆறிப்போனது. டெகனின் விலா எலும்பைத் தொட்டுப் பார்க்க ஊரே வரிசையில் நின்றது. தொப்பிக்காரர்கூட நின்றார்.

எலெரி எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. டெகன் எங்கேயும் போகப்போவதில்லை.